பெஸ்ட் கன்ட்ரோல் ஏ.எம்.சி. (வருஷ ஒப்பந்தம்) போடலாமா வேண்டாமா? கையெழுத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டியது எல்லாம்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலைல, இட்லி குண்டான் அடுப்புல இருக்கு, ரெண்டு பேர் டை கட்டிக்கிட்டு வந்து பெல் அடிச்சாங்க. "மேடம், உங்க அபார்ட்மென்ட்ல ஃப்ரீ இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிட்டிருக்கோம், அஞ்சே நிமிஷம்"னாங்க. சரி ஓசிதானேன்னு உள்ள விட்டேன். ஒருத்தர் சிங்குக்கு அடில டார்ச் அடிச்சார், உச்சு கொட்டினார், "ஹெவியா இருக்கு மேடம், இப்பவே விட்டா சுவருக்குள்ள போயிடும்"னார். பின்னாடி நின்ன என் மாமியார் "ஐயையோ"ன்னாங்க. அவ்ளோதான், அந்த ஐயையோ போதும். இன்னிக்கே போட்டா 20% டிஸ்கவுண்ட், மூணு விசிட், ஒரு வருஷம். நாலாயிரத்துச் சொச்சம் ஜிபே பண்ணிட்டு எங்க காட்டினாங்களோ அங்க கையெழுத்து போட்டேன்.

முதல் விசிட் வந்தாங்க, அடிச்சாங்க, ரெண்டு மாசம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் குட்டி குட்டி கரப்பான். ஃபோன் பண்ணா "ஷெட்யூல் விசிட் நடுவுல வரணும்னா சார்ஜ் ஆகும் மேடம்"னு பதில். ரெண்டாவது விசிட்டுக்கு நான் ஆபீஸ்ல இருக்கறப்ப கூப்பிட்டாங்க, நாளைக்கு வாங்கன்னு சொன்னேன், அதை "கஸ்டமர் வீட்ல இல்ல"ன்னு எழுதி விசிட்டை முடிச்சிட்டாங்க. அப்புறம்தான் அந்த பேப்பரை எடுத்து முழுசா படிச்சேன். எல்லாம் அதுலயே இருக்கு, சின்ன எழுத்துல, நான்தான் படிக்கல.

அதுக்கப்புறம் ஒரு ஆறேழு கம்பெனிகிட்ட கோட்டேஷன் வாங்கி, மருந்து லேபிள் எல்லாம் உட்கார்ந்து படிச்சு, வந்த டெக்னீஷியன் தம்பிங்களுக்கு காபி குடுத்து கேள்வி கேட்டு தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், வருஷத்துக்கு எத்தனை தடவை வந்து அடிக்கறாங்கங்கறது பெரிய விஷயமே இல்ல. நடுவுல பூச்சி திரும்பி வந்தா காசு வாங்காம எத்தனை நாளுக்குள்ள வர்றாங்க, அதுக்குத்தான் நாம காசு குடுக்கறோம். அது பேப்பர்ல இல்லன்னா அந்த ஒப்பந்தம் மூணு சிங்கிள் விசிட்டை கட்டு கட்டி விக்கறதுதான்.

ஸ்டெப் 1: என்ன பூச்சின்னு முதல்ல நீங்களே பாருங்க

இதைச் செய்யாம யாரையும் உள்ள விடாதீங்க. ஏன்னா வர்றவருக்கு எல்லாமே "இன்ஃபெஸ்டேஷன்"தான்.

கரப்பான்ல நம்ம வீட்ல முக்கியமா ரெண்டு ஜாதி. செவப்பா, பெருசா, கட்டைவிரல் நீளத்துக்கு இருக்கறது அமெரிக்கன் கரப்பான், இது ட்ரெய்னேஜ் சேம்பர்லயும் பைப்லயும் குடியிருக்கு, ராத்திரி பாத்ரூம் ஜாலி (தண்ணி போற ஓட்டை மேல இருக்கற சல்லடை மூடி) வழியா ஏறி வரும். வெளிர் ப்ரவுன்ல, அரை இஞ்ச் சைஸ்ல, தலைக்குப் பின்னாடி ரெண்டு கருப்பு கோடு போட்ட மாதிரி இருக்கறது ஜெர்மன் கரப்பான். இதுதான் வில்லன். ஃப்ரிட்ஜ் மோட்டார், மிக்ஸி அடிப்பாகம், கப்போர்ட் கீல், கேஸ் ஸ்டவ் பின்னாடின்னு சூடும் ஈரமும் இருக்கற இடத்துல ஒட்டிக்கும். பெரும்பாலும் மளிகை அட்டைப்பெட்டியிலயோ செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ்லயோதான் வீட்டுக்குள்ள வரும். இதோட பொம்பளைப் பூச்சி முட்டைக்கூட்டை பொரியற வரைக்கும் வயித்தோட பின்னாடியே தூக்கிக்கிட்டு திரியும், ஒரு கூட்டுல 30, 40 முட்டை. மேல மருந்து அடிச்சா வெளில இருக்கறது சாகும், கூட்டுக்குள்ள இருக்கறது தப்பிச்சு சில வாரத்துல வெளில வரும். எங்க வீட்ல ரெண்டு மாசம் கழிச்சு குட்டி குட்டியா வந்தது இந்த கணக்குலதான்.

கரையானுக்கு அடையாளம் சுவர்லயோ கதவு நிலையிலயோ பென்சில் கனத்துல ஓடற மண் கோடு. மழை பெஞ்ச சாயங்காலம் ஈசல் வீட்டுக்கு *உள்ள* இருந்து கிளம்பினாலோ, காலைல ஜன்னலோரம் இறகா கொட்டிக் கெடந்தாலோ கூடு பக்கத்துலயே இருக்குன்னு அர்த்தம். வெளில இருந்து லைட்டுக்கு வந்த ஈசலைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

இங்க ஒரு ஏமாத்து வேலை இருக்கு. கட்டில்லயோ சோபாலயோ குண்டூசி சைஸ் ஓட்டை, கீழ மாவு மாதிரி மரத்தூள் கொட்டுதுன்னா அது கரையான் இல்ல, மரத்தை உளுக்க வைக்கற வண்டு. தரையில ட்ரில் போட்டு மருந்து ஊத்தறது அதுக்கு ஒண்ணும் பண்ணாது, அந்த ஓட்டைக்குள்ளயே மருந்து ஏத்தணும். எங்க பெரியம்மா வீட்ல ஒரே ஒரு பீரோ உளுத்ததுக்கு வீடு பூரா டைல்ஸ்ல ஓட்டை போட்டு இருபதாயிரம் வாங்கிட்டு போனாங்க, பீரோ இன்னமும் மாவு கொட்டிக்கிட்டுதான் இருக்கு.

மூட்டைப்பூச்சின்னா மெத்தை தையல் ஓரம், கட்டில் ஸ்க்ரூ ஓட்டை, அங்கெல்லாம் கருப்பு புள்ளி புள்ளியா எச்சம் இருக்கும். பல்லி, எறும்பு, கொசுவுக்காக ஏ.எம்.சி. போடவே போடாதீங்க. பல்லிக்கு தனி ட்ரீட்மென்ட்னு ஐநூறு ரூபா சேர்ப்பாங்க, பல்லி வர்றதே பூச்சி தின்னத்தான், பூச்சி குறைஞ்சா அதுவும் குறையும்.

செக் பண்ண ஈஸியான வழி சொல்றேன். கடைல பசை அட்டை கிடைக்கும், நாலு வாங்கி சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் பின்னாடி, பாத்ரூம் ஓரம், லாஃப்ட்ல ஒண்ணுன்னு ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. எந்த அட்டைல எத்தனை, எந்த ஜாதின்னு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. சேல்ஸ்மேன் "ஹெவி"ன்னா ஃபோட்டோவை நீட்டுங்க. ட்ரீட்மென்ட் முடிஞ்சப்புறமும் அதே இடத்துல வெச்சா வேலை ஆச்சா இல்லையான்னு நம்பரே சொல்லிடும்.

ஸ்டெப் 2: அந்தப் பூச்சிக்கு வருஷ ஒப்பந்தம் தேவையா?

மூட்டைப்பூச்சிக்கு தேவையே இல்ல. அதோட முட்டை ஒரு வாரம் பத்து நாள்ல பொரியும், பெரும்பாலான மருந்து முட்டையை ஒண்ணும் செய்யாது, அதனால 10 முதல் 15 நாள் இடைவெளில ரெண்டாவது தடவை கட்டாயம் வரணும். நாலு மாசத்துக்கு ஒருக்கா வர்ற ஏ.எம்.சி. இதுக்கு எந்த உபயோகமும் இல்ல. ரெண்டு விசிட், அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசம் கேரண்டி, அப்படி ஒரு பேக்கேஜ் கேளுங்க.

ஜெர்மன் கரப்பானுக்கு ஜெல்தான். கடுகு சைஸ் சொட்டா கப்போர்ட் மூலையில வைப்பாங்க, தின்ன பூச்சி போய் மறைவுல செத்து, அதோட எச்சத்தையும் உடம்பையும் தின்னு மத்ததும் சாகும். முதல் விசிட், 3 வாரம் கழிச்சு ரெண்டாவது, ஒழுங்கா பண்ணா இதுல முடிஞ்சிடும். பக்கத்து வீட்ல நிறைய இருக்கு, ஷாஃப்ட் (பைப் எல்லாம் மேலேருந்து கீழ போற சந்து) வழியா வந்துக்கிட்டே இருக்குன்னா ஏ.எம்.சி. யோசிக்கலாம், அதுவும் நடுவுல ஃப்ரீயா வருவாங்கன்னா மட்டும்.

பெரிய கரப்பான் வீட்டுப் பிரச்சனையே இல்ல, சேம்பர் பிரச்சனை. மூடி உடைஞ்ச சேம்பரை அசோசியேஷன் சரி பண்ணாம நீங்க மட்டும் கிச்சன்ல மருந்து அடிச்சு என்ன புண்ணியம்? பாத்ரூம்ல பூச்சி ஏறாத மாதிரி மூடி வெச்ச ஜாலி போடுங்க, சேம்பர் ட்ரீட்மென்ட்டை அசோசியேஷன் மீட்டிங்ல பேசுங்க.

கரையான் கதை வேற. இதுல ஒப்பந்தம்னு சொல்றது பெரும்பாலும் வாரண்டி, ஒரு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் சொல்வாங்க. கட்டின வீட்டுக்கு எப்படி பண்ணணும்னு ஐ.எஸ். 6313 மூணாம் பாகம்னு ஒரு இந்திய தர நிர்ணயமே இருக்கு. சுவரும் தரையும் சேர்ற இடத்துல 12 மி.மீ. ஓட்டை, ஒரு அடிக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் சுமார் ஒரு லிட்டர் கலவை, அப்புறம் அடைச்சு பூசணும். இது தெரிஞ்சா பேச்சே மாறிடும். "சார், மொத்தம் எத்தனை ஓட்டை, எத்தனை லிட்டர் கலக்குவீங்க?"ன்னு கேளுங்க. 150 அடி சுவருக்கு 20 லிட்டர்ல முடிச்சிடுவோம்னு சொன்னா எழுந்து காபி கொண்டு வரப் போற மாதிரி போயிடலாம். மூணாவது மாடில இருக்கறவங்க தன் ஃப்ளாட்டுக்கு மட்டும் பண்றதும் அரைகுறை வேலைதான், கரையான் மண்ணுல இருந்து ஷாஃப்ட் வழியா ஏறி வருது, கீழ தடுக்காம மேல தடுக்க முடியாது.

இப்ப கணக்கு. எனக்கு 2 பி.எச்.கே.வுக்கு வந்த கோட்டேஷன்ல சிங்கிள் ஜெல் விசிட் 1,200ல இருந்து 1,500, மூணு விசிட் ஏ.எம்.சி. 3,200ல இருந்து 4,500, மேல 18% ஜி.எஸ்.டி. ரெண்டு சிங்கிள் விசிட்டே 2,400ல இருந்து 3,000லதான் நிக்குது. அப்ப மிச்ச காசு எதுக்குன்னு கேளுங்க. "எப்ப கூப்பிட்டாலும் வருவோம்"னு பதில் வந்தா அதை எழுதி வாங்குங்க, வேற ஏதாவது பதில்னா சிங்கிளே போதும்.

ஸ்டெப் 3: ஆள் யாரு, மருந்து என்ன

இந்த ஸ்டெப்பை நிறைய பேர் "அதெல்லாம் எதுக்கு"ன்னு விடுவாங்க. 2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல எலித் தொல்லைக்கு பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்களை கூப்பிட்டு, அவங்க வீட்டுக்குள்ள எலி மருந்து வெச்சிட்டு போக, ராத்திரி ஏசி போட்டு கதவைச் சாத்தி தூங்கின குடும்பத்துல ரெண்டு சின்னக் குழந்தைங்க இறந்து போச்சு. அந்த செய்தி படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, வீட்ல எந்த மூலைல என்ன வெச்சிட்டு போனாங்கன்னு எனக்கே தெரியாதேன்னு இருந்துச்சு.

பூச்சிக்கொல்லி சட்டம் 1968ன்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி காசு வாங்கி இந்த வேலை பண்றவங்களுக்கு லைசென்ஸ் வேணும், வேளாண்மைத் துறைதான் குடுக்குது. லைசென்ஸ் காப்பி வாட்ஸ்அப்ல அனுப்புங்கன்னு கேளுங்க. பேர், அட்ரஸ், வேலிடிட்டி தேதி பாருங்க, வெறும் ஜி.எஸ்.டி. சர்டிஃபிகேட்டை அனுப்பி "இதுதான் மேடம்"னு சொன்ன ஆளும் உண்டு. ஒழுங்கான கம்பெனி பத்து நிமிஷத்துல அனுப்பிடும், இழுத்தடிக்கறவங்களை விட்டுடுங்க.

மருந்து பேரு கேளுங்க. "ஸ்மெல் இல்லாத இம்போர்ட்டட் மருந்து மேடம்", "ஹெர்பல் மேடம்", இதெல்லாம் பேரு இல்ல. ஜெல்லுன்னா இமிடாக்ளோப்ரிட் இல்ல ஃபிப்ரோனில், கரையானுக்கு இமிடாக்ளோப்ரிட், பைஃபென்த்ரின் மாதிரி ஒரு பேரு வரணும். டப்பால சாய்ஞ்ச சதுரம் போட்டு கீழ்ப்பாதில ஒரு கலர் இருக்கும். சிவப்புதான் ரொம்ப விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சைதான் இருக்கறதுலயே குறைவு. சிவப்பு இருந்தா வீட்டு வாசலைத் தாண்ட விடாதீங்க. வாசனை இல்லன்னா விஷம் இல்லன்னு அர்த்தம் கிடையாது. அந்தக் காலத்துல நுவான்னு அடிப்பாங்களே, மூக்கைத் துளைக்குமே, டைக்ளோர்வாஸ், அதை இந்தியாவுல 2020 டிசம்பர் 31 தேதியோட தடை பண்ணியாச்சு, இன்னமும் "ஸ்ட்ராங்கா வேணுமா மேடம்"னு கேட்டுக்கிட்டு பழைய சரக்கை எடுக்கற ஆள் இருக்காங்க. எலிக்கு மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டும் தமிழ்நாட்டுல தடை. கோதுமை மூட்டைக்கு வைக்கற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டுக்கு வைக்கற சாமானே இல்ல, அதுல வர்ற காஸ் ஆளைக் கொல்லும். எலிக்கு என்னைக் கேட்டா பொறிதான், மருந்து தின்ன எலி ஃபால்ஸ் சீலிங்ல போய் செத்தா ஒரு வாரம் வீட்ல சோறு இறங்காது.

ஸ்டெப் 4: பேப்பரை படிக்கறது

கையெழுத்துக்கு முந்தின நாளே காலி ஃபார்ம் பி.டி.எஃப். கேளுங்க. வாசல்ல நின்னு படிக்க முடியாது, இட்லி வேற தீஞ்சிடும். நான் தேடறது இதெல்லாம்.

எந்தெந்த பூச்சி கவர் ஆகுதுன்னு பேரு பேரா இருக்கணும். "ஜெனரல் பெஸ்ட்"னு போட்டா அதுல பெரும்பாலும் கரப்பான், எறும்பு, சிலந்தி, வெள்ளி மீன் பூச்சி இவ்ளோதான், மூட்டைப்பூச்சியும் கரையானும் எலியும் தனிக் காசு. வாயால "ஆல் பெஸ்ட் மேடம்"னு சொல்லிட்டு பேப்பர்ல ஜெனரல்னு இருக்கும்.

விசிட் நடுவுல கூப்பிட்டா ஃப்ரீயா, எத்தனை தடவை, எத்தனை நாளுக்குள்ள. "48 மணி நேரத்துக்குள், கட்டணமின்றி"ன்னு இருந்தா நல்லது, "கம்பெனியின் முடிவுக்கு உட்பட்டது"ன்னு இருந்தா அது இல்லாத மாதிரியே. விசிட் தேதியை எத்தனை தடவை மாத்தலாம், மாத்தினா விசிட் போயிடுமா, இதையும் பாருங்க, நான் மாட்டினது இங்கதான்.

ஆட்டோ ரினியூவல். வருஷம் முடிஞ்சா தானா புதுப்பிக்கப்படும்னு ஒரு வரி, கூடவே யு.பி.ஐ. ஆட்டோபே பெர்மிஷன். அந்த வரியை பேனாவால அடிச்சு ரெண்டு பேரும் பக்கத்துல சைன் போடுங்க. அடிக்க மாட்டேன்னா ஆட்டோபே குடுக்காம ஒரே தடவை பேமென்ட் பண்ணுங்க.

நடுவுல நிறுத்தினா பாக்கி விசிட் காசு திரும்ப வருமா? வாடகை வீட்ல இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், வீடு மாறினா ஒப்பந்தம் கூட வருமான்னு கேளுங்க. கரையான்னா இதை ஹவுஸ் ஓனர்கிட்டதான் முதல்ல பேசணும், உங்க காசுல அவர் சுவருக்கு அஞ்சு வருஷ வாரண்டி வாங்கி வெச்சிட்டு நீங்க பதினோரு மாசத்துல காலி பண்ணுவீங்க.

கரையான் வாரண்டில ரெண்டு விஷயம். டைல்ஸ் மாத்தினா, பைப் லைன் தோண்டினா, சுவர்ல தண்ணி லீக் ஆனா வாரண்டி செல்லாதுன்னு இருக்கும், இது நியாயம்தான், மருந்துத் தடுப்பு உடைஞ்சிடும், ஆனா லீக்கை யார் எப்படி முடிவு பண்றாங்கன்னு கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, வாரண்டின்னா திரும்ப மருந்து அடிக்கறது மட்டும்தான், தின்ன கதவுக்கு காசு வராது. பெரும்பாலான கம்பெனி தராது, அதுல சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

சேல்ஸ்மேன் வாயால சொன்ன எதுவா இருந்தாலும் "சார் இதை அப்படியே ஒரு மெசேஜா போட்டுடுங்க"ன்னு சொல்லுங்க. பாதி வாக்குறுதி அங்கயே ஆவியாயிடும்.

ஸ்டெப் 5: பேரம்

"இன்னிக்கு மட்டும்" டிஸ்கவுண்ட் அடுத்த வாரமும் இருக்கும், நான் செக் பண்ணிருக்கேன், ஒரு தடவை இன்னும் முன்னூறு குறைஞ்சே வந்துச்சு. மொத்தமா முன்பணம் குடுக்காதீங்க, விசிட்டுக்கு விசிட் குடுக்கறேன்னு கேளுங்க, சின்ன கம்பெனிங்க ஒத்துக்கறாங்க. அபார்ட்மென்ட்ல நாலஞ்சு வீடு சேர்ந்து கேட்டா விலையும் குறையும், ஷாஃப்ட் வழியா இங்கேருந்து அங்க ஓடற கதையும் நிக்கும். பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. கழிக்கறேன்னு சொன்னா மயங்காதீங்க, நாளைக்கு கம்ப்ளெயின்ட் பண்ண கையில அந்த பில்தான் இருக்கும்.

ஸ்டெப் 6: ட்ரீட்மென்ட் அன்னிக்கு

வந்த தம்பி மருந்து கலக்கறதுக்கு முன்னாடி டப்பா லேபிளை ஃபோட்டோ எடுங்க, கோட்டேஷன்ல சொன்ன பேருதானான்னு பாருங்க. பாத்திரம், மளிகை, டூத் பிரஷ் எல்லாம் மூடி எடுத்து வைங்க. மீன் தொட்டி இருந்தா வேற ரூமுக்கு கொண்டு போங்க, பைரெத்ராய்ட்னு ஸ்ப்ரேல வர்ற ஒரு வகை மருந்து துளி பட்டாலும் மீன் மிதக்கும். பூனைக்கும் அந்த வகை மருந்து ஆகாது. ஸ்ப்ரே அடிச்சா குழந்தை, வயசானவங்க, கர்ப்பமா இருக்கறவங்க எல்லாரும் வெளில, காஞ்சப்புறம் ஜன்னல் திறந்து ஃபேன் போட்டு காத்தாட விட்டு, லேபிள்ல போட்ட நேரத்துக்கு அப்புறம் உள்ள வாங்க. யாருக்காவது வாந்தி, தலைசுத்தல், மூச்சு முட்டறதுன்னா யோசிக்காம 108, அந்த லேபிள் ஃபோட்டோவை டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஜெல் வெச்ச இடத்துல கரப்பான் ஸ்ப்ரே அடிக்காதீங்க. இது ஒண்ணுதான் நிறைய வீட்ல ஜெல் வேலை செய்யாததுக்கு காரணம். ஸ்ப்ரே வாசனைக்கு பூச்சி அந்தப் பக்கமே வராது, ஜெல்லை யார் தின்பா? டெக்னீஷியனே ஜெல்லும் வெச்சு அது மேலயே ஸ்ப்ரேயும் அடிச்சா நிறுத்துங்க. எங்க வீட்ல வேலை செய்யற அக்கா முதல் தடவை எல்லா சொட்டையும் அழுக்குன்னு நினைச்சு சபீனா போட்டு துடைச்சிட்டாங்க, அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

சர்வீஸ் ஸ்லிப்ல வேலை முடிஞ்சப்புறம்தான் சைன், தேதியும் மருந்து பேரும் எழுதி. காலியா இருக்கற ஸ்லிப்ல போடவே போடாதீங்க.

ஸ்டெப் 7: சொன்னபடி வரலன்னா

ஃபோன்ல கத்தறதை விட்டுட்டு மெயில் போடுங்க. என்ன தேதி ஒப்பந்தம், எந்த விசிட் வரல, பசை அட்டை ஃபோட்டோ, எத்தனை நாள் டைம். பதில் இல்லன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே போகலாம். எனக்கு அவ்ளோ தூரம் போக வேண்டி வரல, 1915ல பதிவு பண்ணி ரெண்டு வாரத்துல, "வீட்ல இல்ல"ன்னு முடிச்ச அந்த விசிட்டை திரும்ப பண்ணிக் குடுத்தாங்க. காசு கேட்டேன், தரல.

இந்த வருஷம் ஏ.எம்.சி. போடல. பக்கத்துத் தெருவுல லைசென்ஸ் வெச்சிருக்கற சின்ன கம்பெனி, ரெண்டு ஜெல் விசிட், 1,300 வீதம். பாத்ரூம் ஜாலி ரெண்டும் மாத்தினோம். பில்லுல அவரையே பேனாவால "90 நாள், ஃப்ரீ கால்"னு எழுத வெச்சேன், சிரிச்சுக்கிட்டேதான் எழுதினார். எழுபதாவது நாள் ஃப்ரிட்ஜ் பின்னாடி அட்டைல மூணு குட்டி ஒட்டிருந்துச்சு, ஃபோட்டோ அனுப்பினேன், மறுநாள் காலைல எட்டு மணிக்கு வந்து நின்னார்.